பழைய ஜெனரேஷனா புதுசா? சேலத்துல டாப் எண்ட் பிராசசர் வாங்குறதுக்கு முன்னாடி எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது

ஏஎம்டியோட ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர் வாங்கலாமா அதுக்கு அடுத்த ஜெனரேஷன் 9950எக்ஸ் வாங்கலாமான்னு கேக்குறவங்க நிறைய பேர் கையில ஏற்கனவே ஒரு கிராஃபோட ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அதுல ஒரு கோடு இன்னொண்ணை விட கொஞ்சம் நீளமா இருக்கும், மனசுக்குள்ள முடிவும் ஆகியிருக்கும். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதாங்க. உங்க வேலை எந்த இடத்துல நின்னு காத்திருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க, அதுக்கப்புறம் ரெண்டு ஜெனரேஷனோட மொத்த பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பெட்டி மேல இருக்குற நம்பரை கடைசியா பாத்தா போதும். அம்பதாயிரம் அறுபதாயிரம்னு போடுற காசு, முகூர்த்த சீசன்ல ராத்திரி முழிச்சு எடிட் பண்ணி சம்பாதிச்ச காசு, அது சரியான எடத்துல போகணும்.

முதல் வேலை, ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு பிராசசரோட விவரத்தையும் எழுதி, ஒரே மாதிரி இருக்கறதை எல்லாம் அடிச்சுடுங்க. மிச்சம் நிக்கிறதுக்கு மட்டும்தான் நீங்க கூடுதல் காசு குடுக்கறீங்க.

7950எக்ஸ் 2022 செப்டம்பர்ல வந்துச்சு, 9950எக்ஸ் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. ரெண்டுலயும் 16 கோர் (கணக்கு போடுற பகுதி), 32 த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை), அடிச்சுடுங்க. பூஸ்ட், அதாவது உச்சபட்ச கிளாக் வேகம், ரெண்டும் 5.7 கிகாஹெர்ட்ஸ், அடிச்சுடுங்க. எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்குற வேகமான மெமரி) ரெண்டுலயும் 64 எம்பி, டிடிபி (கம்பெனி சொல்ற வாட் அளவு) ரெண்டும் 170 வாட், போர்டுல உக்கார்ற சாக்கெட் ரெண்டும் ஏஎம்5, உள்ள இருக்குற சின்ன கிராஃபிக்ஸும் அதே, ஏன்னா மெமரியையும் கார்டும் எஸ்எஸ்டியும் இணையிற பிசிஐஇ லைனையும் பாத்துக்கற ஐஓ டை ரெண்டுலயும் அதே 6 நானோமீட்டர் துண்டுதான். என்ன மிஞ்சுச்சு? கோரோட டிசைன் ஜென் 4ல இருந்து ஜென் 5 ஆச்சு, டிஎஸ்எம்சியோட 5 நானோமீட்டர் 4 நானோமீட்டர் ஆச்சு, அதிகாரபூர்வ ரேம் வேகம் 5200ல இருந்து 5600 ஆச்சு, ஏவிஎக்ஸ்-512னு ஒரு கணக்கு வழி ஜென் 4ல பாதி பாதியா ரெண்டு தடவையில முடிச்சது ஜென் 5ல ஒரே வீச்சுல முடியுது. அதே கிளாக்ல சராசரியா 16 சதவீதம் கூடுதல் வேலைன்னு ஏஎம்டி சொன்னாங்க, ஆனா அது பல வேலைகளோட சராசரி, அதுக்குள்ள சில வேலை முப்பதுக்கு மேல போகும், சில வேலை ஒத்தை இலக்கத்துலயே நிக்கும். உங்க வேலை அதுல எந்தப் பக்கம்ங்கறதுதான் கேள்வி.

இதே பேப்பர் வேலையை இன்டெல் பக்கம் 13900கே, 14900கே ரெண்டுக்கும் பண்ணிப் பாருங்க, கிட்டத்தட்ட முழு பேப்பரும் அடிபட்டுப் போயிடும். ரெண்டும் 8 பெரிய கோர் 16 சின்ன கோர், ரெண்டும் 36 எம்பி எல்3, ரெண்டும் எல்ஜிஏ1700, ரெண்டுக்கும் அதிகபட்சம் 253 வாட். பூஸ்ட் மட்டும் 5.8ல இருந்து 6.0 ஆச்சு. ஒரு வருஷ இடைவெளியில பேரு மாறுச்சு, சிலிக்கான் மாறல. அதே நேரத்துல ஒரு படி கீழ 13700கேல இருந்து 14700கே போனப்ப சின்ன கோர் 8ல இருந்து 12 ஆச்சு, அது நிஜமான மாற்றம். ஒரே ஜெனரேஷன் தாவல்ல ஒரு மாடலுக்கு ஒண்ணுமில்லாமலும் இன்னொரு மாடலுக்கு நாலு கோர் சேர்ந்தும் வருதுன்னா, ஜெனரேஷன்னு பொதுவா பேசறதுல அர்த்தமே இல்லைங்க, மாடல் மாடலாத்தான் பாக்கணும்.

அதுக்கப்புறம் 2024 அக்டோபர்ல வந்த கோர் அல்ட்ரா 9 285கே. இது நேர் எதிர், எல்லாமே மாறிடுச்சு. சாக்கெட் எல்ஜிஏ1851, டிடிஆர்4 கிடையவே கிடையாது, ஒரு கோரை ரெண்டு த்ரெட்டா ஓட்டுற ஹைப்பர்த்ரெடிங்கை எடுத்துட்டாங்க அதனால 24 கோர் 24 த்ரெட், கணக்கு போடுற துண்டு டிஎஸ்எம்சி 3 நானோமீட்டர். கரண்டு குறைச்சு இழுக்குது, ரெண்டரிங்ல நல்லா போகுது, ஆனா நிறைய கேம்ல பழைய 14900கேகிட்டயே பின்தங்குச்சு. புதுசுன்னாலே எல்லாத்துலயும் வேகம்னு நினைக்கறவங்க இந்த ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப உங்க வேலைக்கு வருவோம், இங்கதான் நிதானமா நிக்கணும்.

விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியு கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் பிராசசர்ஸ்னு மாத்துங்க, ஒரு கட்டம் பல கட்டமா பிரியும். இப்ப நீங்க தினமும் எரிச்சலோட காத்திருக்கற அந்த வேலையை ஓட விடுங்க, எக்ஸ்போர்ட்டோ ரெண்டரோ டைம்லைன் இழுக்கறதோ எதுவா இருந்தாலும். எல்லா கட்டமும் மேல முட்டி நிக்குதா? அப்ப கோர் எண்ணிக்கை உங்களுக்கு உதவும். ஒரே ஒரு கட்டம் மட்டும் முட்டி மத்ததெல்லாம் தூங்குதா? அப்ப 16 கோர் வாங்கறது வீண், ஒத்தை கோர் வேகம் எதுல அதிகமோ அதை ஆறு கோர் எட்டு கோர் மாடல்லயே வாங்கலாம். இளம்பிள்ளை பக்கம் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுறவங்க, கட்டிட பிளான் வரையிறவங்க எல்லாம் இந்த டெஸ்டை கண்டிப்பா பண்ணணும், டிசைன் சாஃப்ட்வேர் பலதுல முக்கால்வாசி நேரம் ஒரு கோர்தான் ஓடும். ஒரு கட்டமும் முட்டலை, ஆனாலும் வேலை திக்குதுன்னா குத்தம் பிராசசர்ல இல்லை, அதே பக்கத்துல மெமரியும் டிஸ்க்கும் ஜிபியுவும் பாருங்க, 16 ஜிபி ரேம் ரொம்பி வழியறப்ப எந்த ஜெனரேஷன் பிராசசரும் காப்பாத்தாது.

அம்மாபேட்டையில கல்யாண வீடியோ பண்ற ஒரு ஸ்டுடியோக்காரர் இதே 9950எக்ஸ் யோசனையோட கூப்பிட்டாரு, ஃபுட்டேஜ் டைம்லைன்ல வெட்டி வெட்டி ஓடுதுன்னு.

"அண்ணா, கேமரால எந்த செட்டிங்ல எடுக்கறீங்க?"

"4கே, எச்.265, பத்து பிட்டு 4:2:2 தம்பி, கலர் நல்லா வரும்னு சொன்னாங்க."

அவ்ளோதான் விஷயம். எச்.265ங்கறது வீடியோவை சுருக்குற முறை, பத்து பிட் 4:2:2ங்கறது கலர் விவரத்தை கூடுதலா வைக்கிறது. இந்த மாதிரி ஃபுட்டேஜை வன்பொருள்லயே பிரிக்கிற வசதி இன்டெல் பிராசசரோட உள் கிராஃபிக்ஸ்ல, குவிக் சிங்க்னு சொல்லுவாங்க, 12வது ஜெனரேஷன் 13, 14, 285கே எல்லாத்துலயும் இருக்கு. ரைசன் 7000லயும் கிடையாது 9000லயும் கிடையாது. என்விடியா கார்டுலயும் 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் அது வந்துச்சு, 30, 40 சீரிஸ்ல இல்லை. அதாவது பழைய ஆர்டிஎக்ஸ் 3060 வச்சுட்டு 7950எக்ஸ்ல இருந்து 9950எக்ஸுக்கு தாவினாலும் அவருக்கு அந்த திக்கல் கொஞ்சம் குறையுமே தவிர போகாது, ஏன்னா பிரிக்கிற வேலை முழுக்க கோர் மேலதான் விழும். இன்டெல் பக்கம் போனா 14700கேவே போதும், இல்ல ரைசன்லயே இருந்து ஆர்டிஎக்ஸ் 50 கார்டு போட்டா போதும், இல்ல காசே போடாம ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி, அதாவது லேசான நகல், பண்ணி எடிட் பண்ணலாம். ஒரு எச்சரிக்கை, இன்டெல்ல பேரு கடைசியில எஃப் வந்தா, உதாரணமா 14900கேஎஃப், உள் கிராஃபிக்ஸே இருக்காது, சில ஆயிரம் மிச்சம்னு அதை வாங்கிட்டா நீங்க எதுக்காக இன்டெல் போனீங்களோ அதுவே போயிடும்.

கேம்தான் முக்கியம்னா இந்த சண்டையே வேற. 16 கோர் வேண்டாம், எக்ஸ்3டிங்கற கூடுதல் கேஷ் இருக்குற எட்டு கோர் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ரெண்டையும் ஒப்பிடுங்க. 7000ல அந்த கூடுதல் கேஷ் கோருக்கு மேல உக்காந்திருக்கும், 9000ல அதை கோருக்கு அடியில கொண்டு போயிட்டாங்க, அதனால கோர்ல இருந்து சூடு நேரா கூலருக்கு போகுது, கிளாக்கும் ஏத்தி வைக்க முடிஞ்சுது. எடிட்டிங்கும் கேமும் ரெண்டும் சோறு போடுதுன்னா 7950எக்ஸ்3டி, 9950எக்ஸ்3டி.

ரிவ்யூ கிராஃப் பாக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. கேம் கிராஃப்னா ரெசல்யூஷன் என்னன்னு பாருங்க, பெரும்பாலும் 1080பில உச்சபட்ச கார்டு போட்டுத்தான் எடுத்திருப்பாங்க, பிராசசர் வித்தியாசம் தெரியணும்னா அப்படித்தான் எடுக்கணும், அது தப்பில்லை, ஆனா உங்க வீட்டுல 1440பி மானிட்டரும் நடுத்தர கார்டும் இருந்தா அந்த வித்தியாசத்துல பெரும்பகுதி உங்க கண்ணுக்கு வராது. அப்புறம் தேதி. 2024 ஆகஸ்ட்ல 9000 சீரிஸ் வந்தப்ப எடுத்த எண்ணும் அதுக்கு அப்புறம் எடுத்த எண்ணும் வேற வேற, ஏன்னா அந்த மாசக் கடைசியில விண்டோஸ் 11க்கு வந்த ஒரு அப்டேட்டும் அதுக்கப்புறம் வந்த 24எச்2ங்கற பதிப்பும் ரைசன் கேம் வேகத்தை ஏத்துச்சு, புதுசுக்கு மட்டும் இல்ல, ஜென் 4க்கும் ஏத்துச்சு. 285கேவுக்கும் 2024 டிசம்பர்ல இன்டெல் திருத்தம் விட்டாங்க. அதனால பழைய பிராசசரோட எண்ணை ஒரு ரிவ்யூல இருந்தும் புதுசோடதை இன்னொரு ரிவ்யூல இருந்தும் எடுத்து கழிச்சுப் பாக்காதீங்க, ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே ரேம்ல ஓட்டின ரிவ்யூவா தேடுங்க.

சதவீதத்தை நிமிஷமா மாத்திப் பாக்குறதும் முக்கியம். உங்க எக்ஸ்போர்ட் 20 நிமிஷம் ஓடுது, புதுசு 10 சதவீதம் வேகம்னா 18 நிமிஷம் சொச்சம் ஆகும். ஒரு நாளைக்கு பத்து எக்ஸ்போர்ட் போட்டு வாடிக்கையாளர் பக்கத்துல உக்காந்திருந்தா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு மதிப்பு இருக்கு. ராத்திரி போட்டு விட்டுட்டு தூங்கப் போறவருக்கு ஒண்ணும் இல்லை.

அப்புறம் நம்ம ஊரு வெயில். இதை எந்த ரிவ்யூவும் உங்களுக்காக பண்ணித் தர மாட்டாங்க. டெஸ்ட் பண்றவங்க ஏசி ரூம்ல, இருபது சொச்சம் டிகிரியில ஓட்டியிருப்பாங்க. சேலத்துல ஏப்ரல் மே மாசம் வெளிய 40 டிகிரி, மொட்டை மாடிக்கு கீழ இருக்குற ரூம்ல மதியம் 36, 37 சாதாரணமா இருக்கும். கூலர் எவ்ளோ பெருசா இருந்தாலும் அது ரூம் காத்தை வச்சுத்தான் ஆத்தும், ரூம் பத்து டிகிரி ஏறினா பிராசசரும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். 7950எக்ஸும் 9950எக்ஸும் 95 டிகிரி வரைக்கும் போக விட்டு அங்க நின்னு கிளாக்கை குறைச்சுக்கற மாதிரி செஞ்சது, அதனால பயப்பட வேண்டியதில்லை, எரிஞ்சு போகாது, ஆனா நீங்க காசு குடுத்த வேகம் மே மாசத்துல முழுசா கிடைக்காது.

இதுக்கு ஒரு நல்ல வழி ஈகோ மோட், அதாவது பிராசசர் இழுக்குற வாட்டுக்கு வரம்பு வைக்கிற செட்டிங். 170 வாட் டிடிபின்னு போட்டிருந்தாலும் 7950எக்ஸ் சாக்கெட்ல 230 வாட் வரைக்கும் இழுக்கும், 9950எக்ஸும் 170ஐ தாண்டி இழுக்கும், பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் பக்கம்) ஈகோ மோட் 105 வாட்னு வச்சா அது 142க்கு இறங்கும், 65 வாட்னு வச்சா 88க்கு இறங்கும். 105 வச்சு ஓட்டுறப்ப 16 கோரும் முட்டுற ரெண்டர்ல கொஞ்சம்தான் வேகம் குறையும், சூடு கணிசமா இறங்கும், ஃபேன் சத்தமும் அடங்கும். என் கருத்து, சேலத்துல ஏசி இல்லாத ரூமுக்கு ரெண்டு ஜெனரேஷனையும் இந்த 142 வாட்ல வச்சுத்தான் ஒப்பிடணும், அங்க எது நல்லா ஓடுதோ அதுதான் உங்களுக்கு நிஜமான கணக்கு. கரண்ட் பில்லையும் சேர்த்துக்கோங்க, 100 வாட் கூடுதலா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுல 48 யூனிட், வீட்டு கனெக்‌ஷன்ல ஏற்கனவே 500 யூனிட் ஓரத்துல இருக்கறவங்களுக்கு அது ஸ்லாபையே தாண்ட வைக்கும்.

ஏற்காட்டுல இருந்து கேக்குறவங்களுக்கு கதை வேற. 1500 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கீழ இருக்கறதை விட பத்து சதவீதத்துக்கு மேலயே கம்மி, ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் கொஞ்சம் குறைவாத்தான் ஆத்தும், ஆனா ரூமே பத்து டிகிரி குளுமையா இருக்கறதால மொத்தத்துல உங்களுக்குத்தான் லாபம், நல்ல ஏர் கூலரே போதும். அங்க கவனிக்க வேண்டியது ஈரமும் இடியும்தான். மழை மாசத்துல பனி மூட்டம் ரூமுக்குள்ள வரும், பல நாள் ஆஃப்ல கிடந்த மெஷினை எடுத்த எடுப்புல போடாம ரூமை கொஞ்ச நேரம் காய விட்டு போடுங்க, நல்ல எர்த்திங்கும் சர்ஜ் பாதுகாப்பும் இல்லாம இவ்ளோ விலை சிப்பை வைக்காதீங்க.

மொத்த பில்லுக்கு வருவோம். பிராசசர் விலையை மட்டும் ஒப்பிடறவங்க ஏமாந்து போறது இங்கதான். உங்ககிட்ட ஏற்கனவே ஏஎம்5 போர்டு இருக்கா, ரைசன் 7600 மாதிரி ஏதாவது போட்டு ஓட்டறீங்களா, அப்ப பயாஸ் அப்டேட் பண்ணிட்டு நேரா 9950எக்ஸ் உக்கார வைக்கலாம், போர்டு ரேம் கூலர் எதுவும் மாத்த வேண்டாம், ஏஎம்5க்கு 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் ஆதரவு உண்டுன்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க. இல்ல, இன்டெல் 12400 போட்ட எல்ஜிஏ1700 போர்டும் டிடிஆர்4 ரேமும் இருக்கா, அப்ப 285கேவுக்கு போனா போர்டும் போச்சு ரேமும் போச்சு, அதே போர்டுல 14700கே போட்டா ரெண்டும் மிச்சம், போர்டுல பிராசசருக்கு கரண்டு குடுக்கற விஆர்எம் அந்த வாட்டை தாங்குமான்னு மட்டும் பாத்துக்கணும், சின்ன எச்610 போர்டுல போடாதீங்க. 2025 கடைசியில டிடிஆர்5 விலை ஏறின ஏத்தத்துக்கு அப்புறம் இந்த கணக்கு இன்னும் கனமாயிடுச்சு. புது செட்டப் எடுக்கறவங்க ரேமை ரெண்டு ஸ்டிக்கா வாங்குங்க, ரெண்டு 32 இல்ல ரெண்டு 48, நாலு ஸ்டிக் போட்டா 7000, 9000 ரெண்டு ஜெனரேஷன்லயும் அதிகாரபூர்வ வேகம் 3600க்கு விழுந்துடும், அப்புறம் ஜென் 5 வாங்கின வித்தியாசத்தை ரேமே தின்னுடும்.

பழைய ஜெனரேஷனை செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறதா இருந்தா இன்டெல் 13, 14ல ரொம்ப கவனமா இருங்க. அதிக வோல்டேஜால சிப்பே தேஞ்சு போயி கிராஷ் ஆகுற பிரச்சனை வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோடு, அதாவது பயாஸ் அப்டேட்டோட வர்ற திருத்தம், விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டினாங்க. மைக்ரோகோடு இனிமே தேயாம காப்பாத்தும், ஏற்கனவே தேஞ்சதை சரி பண்ணாது. அதனால பயாஸ் அப்டேட் பண்ணாம ஒன்றரை வருஷம் ஓடின 13900கே யாராவது பாதி விலைக்கு தர்றேன்னா வாரண்டி பேப்பர் இல்லாம தொடாதீங்க. 7950எக்ஸ் செகண்ட் ஹேண்ட்ல அந்த பயம் இல்லை. ஆனா போர்டோட சேர்த்து வாங்கினா சாக்கெட்டை திறந்து காட்டச் சொல்லுங்க, ஏஎம்5ல பின் எல்லாம் போர்டு பக்கம் இருக்கு, மொபைல் டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாத்தா 1718 பின்னும் ஒரே சீரா மின்னணும், ஒரு எடத்துல மட்டும் வெளிச்சம் உடைஞ்சு தெரிஞ்சா அங்க பின் வளைஞ்சிருக்கு, வாங்க வேண்டாம்.

கடைசியா கடை. விலை கம்மியா இருக்குன்னு பெங்களூர் எஸ்பி ரோடோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ போறது நம்ம ஊர்ல வழக்கம்தான், போங்க, ஆனா கம்பெனி பெட்டியில வந்த பாக்ஸ் பீஸா, பெட்டி இல்லாம வந்த ட்ரே பீஸான்னு முதல்லயே கேளுங்க. பாக்ஸ்னா மூணு வருஷ கம்பெனி வாரண்டி, ட்ரேன்னா கடைக்காரர் சொல்ற வாரண்டிதான், ஒரு சிக்கல்னா நீங்கதான் பஸ் ஏறணும். நாலு ரோடு பக்கமோ அஞ்சு ரோடு பக்கமோ இருக்குற உள்ளூர் கடையில ஓராயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும் வாரண்டிக்கு நடந்து போக முடியும்னா நான் அங்கதான் வாங்குவேன். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தா பில்லுல அதை போடச் சொல்லுங்க, 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம், பில் இல்லாத ரேட்டு கம்மியா தெரியறது இந்த கணக்கை போட்டதும் காணாம போயிடும்.

முடிஞ்சா உங்க ப்ராஜெக்ட்டை ஒரு எஸ்எஸ்டில போட்டு கடைக்கு எடுத்துட்டுப் போங்க, அசெம்பிள் பண்ற கடையில டெமோ மெஷினோ வேற யாருக்காவது கட்டின மெஷினோ இருக்கும், கேட்டா அரை மணி நேரம் குடுப்பாங்க. உங்க ஃபுட்டேஜ், உங்க எஃபெக்ட், உங்க எக்ஸ்போர்ட் செட்டிங், கூடவே எச்டபிள்யூஇன்ஃபோங்கற கண்காணிப்பு சாஃப்ட்வேரை திறந்து வச்சு டெம்பரேச்சரும் வாட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ரெண்டு மெஷின்லயும் இதை பண்ணவருக்கு அப்புறம் யார்கிட்டயும் கேக்க வேண்டியிருக்காது.

இன்னைக்கு நிலவரத்துக்கு என் கருத்தை கேட்டா, ஏற்கனவே 7950எக்ஸ் வச்சிருக்கறவங்க 9950எக்ஸுக்கு மாற வேண்டாம், ஏவிஎக்ஸ்-512 தின்னுற வேலை உங்களுக்கு இருந்தா மட்டும் யோசிங்க. புதுசா கட்டறவங்க ரெண்டுக்கும் நடுவுல விலை வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா 9950எக்ஸ் எடுங்க, அதுக்கு மேல போச்சுன்னா 7950எக்ஸ் எடுத்து மிச்சத்தை ரேம்லயோ கார்டுலயோ போடுங்க. 4:2:2ல ஷூட் பண்றவங்க ஆர்டிஎக்ஸ் 50 கார்டுக்கு பட்ஜெட் இல்லைன்னா இன்டெல் பக்கம் 14700கே, போர்டை வாங்கின அன்னைக்கே பயாஸ் அப்டேட், பவர் லிமிட்டை இன்டெல் டீஃபால்ட்ல வச்சு. வாங்கின முதல் வாரத்துலயே ஒரு நாள் மதியம் ரெண்டு மணிக்கு, ஏசி போடாம, சினிபெஞ்ச்ங்கற வேக சோதனை சாஃப்ட்வேரை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட விட்டு ஸ்கோர் இறங்குதான்னு பாருங்க, கூலர் சரியா உக்காரலைன்னா அப்பவே தெரிஞ்சிடும், கடைக்காரரும் மாத்தித் தர்ற நேரம் அது.